தொப்பியின் கும்கி எங்கே போனது?

திருகோணமலை உப்புவெளியில் வீட்டு அறையில் மிருதங்கம் பதிந்தபோது மூன்று நாள் வீணானது. தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கத் தோலான தொப்பிக்கு ஒரு மைக், வலப்பக்கத் தோலான வலந்தலைக்கு ஒரு மைக். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமை. சேர்த்தால் தொப்பியின் கும்கி, அதாவது தோலை அழுத்தி வழுக்கி எழுப்பும் தாழ்ந்த ஒலி, காணாமல் போகும்.

தொப்பியில் பூசும் ரவைப் பசை காய்ந்துவிட்டதோ என்று வாசித்த தம்பி புதிதாகப் பூசிப் பார்த்தார். மைக்கையும் கேபிளையும் மாற்றினோம். ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் 100 ஹெர்ட்ஸைத் தூக்கினேன், இரைச்சல்தான் கூடியது.

துப்புக் கிடைத்தது தற்செயலாக. ஹெட்போனில் இடம், வலம் பிரித்துக் கேட்டபோது கும்கி இருந்தது, இரண்டையும் ஒன்றாகக் கலக்கும் மோனோவில்தான் மறைந்தது. அலைவடிவத்தைப் பெரிதாக்கினேன். தொப்பியில் அடி விழும்போது ஒரு மைக்கின் அலை மேலேறும் இடத்தில் மற்றதன் அலை கீழிறங்கியது. யோசித்தால் நியாயம்தான்: தொப்பித் தோல் உள்ளே அமுங்கும்போது உள்ளிருக்கும் காற்று வலந்தலைத் தோலை வெளியே தள்ளும். எதிரெதிரே பார்க்கும் மைக்குகளில் அந்தத் தாழ்ந்த ஒலி தலைகீழாகப் பதிந்து ஒன்றையொன்று அழிக்கிறது.

வலந்தலை மைக்கின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல்கீழை, திருப்பினேன். கும்கி அப்படியே திரும்பி வந்தது. அப்புறம் மோனோவில் கேட்டபடியே அந்த மைக்கைக் கொஞ்சம் நகர்த்தி, வலந்தலை விளிம்பில் விழும் மீட்டு அடி கூர்மையாகக் கேட்கும் இடத்தில் வைத்தேன். மிக்ஸிங்கில் ஈக்யூவே தேவைப்படவில்லை.