செக்யூரிட்டி ஆர்க்கிடெக்ட்டுகள் ஃபிரேம்வொர்க்கில் செய்யும் தவறுகள்

ஒரு நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்பை வடிவமைக்கும் செக்யூரிட்டி ஆர்க்கிடெக்ட் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பலர் முதலில் திறப்பது ஒரு எக்ஸெல் ஷீட். தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ 27001-இன் 2022 பதிப்பில் இருக்கும் 93 பாதுகாப்புக் கட்டுப்பாடுகளையும் வரிசையாகப் போட்டு, எதிரே 'உண்டு', 'இல்லை' என்று நிரப்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். (இது போன்ற பாதுகாப்பு வழிகாட்டித் தொகுப்புகளைத்தான் ஃபிரேம்வொர்க் என்கிறோம்.) எதைக் காப்பாற்ற வேண்டும், யாரிடமிருந்து என்று தெரியாமல் நிரப்பும் ஷீட் டிசைனுக்கு உதவாது. அந்தத் தரநிலையே ரிஸ்க்கை மதிப்பிட்டுவிட்டுத்தான் கட்டுப்பாடுகளுக்கு வரச் சொல்கிறது. எது தேவை, எது தேவையில்லை என்பதையும் காரணத்தோடு எழுதச் சொல்கிறது.

இதைவிடப் பெரிய தவறு, 'உண்டு' என்ற பதிலை அப்படியே நம்புவது. மக்களின் கடன் விவரங்களைத் திரட்டும் அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் 2017-இல் நடந்ததை ஒவ்வொரு ஆர்க்கிடெக்ட்டும் ஒருமுறையாவது ஊன்றிப் படிக்க வேண்டும். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற வெப் மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு மார்ச்சிலேயே பேட்ச், அதாவது அதை அடைக்கும் திருத்தம், வந்துவிட்டது. அவசர பேட்சை 48 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று உள்விதி இருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல் போனது, ஸ்கேனும் ஓடியது. ஆனால் எந்த சர்வரில் எந்த மென்பொருள் ஓடுகிறது என்ற முழுப் பட்டியல் இல்லாததால், புகார் போர்ட்டல் ஒன்று யார் கண்ணிலும் படவில்லை. மே மாதம் அதன் வழியாகத்தான் ஹேக்கர்கள் உள்ளே புகுந்தார்கள். நெட்வொர்க் ட்ராஃபிக்கைக் கண்காணிக்க வேண்டிய கருவிக்கு, மறையாக்கப்பட்ட ட்ராஃபிக்கைப் பிரித்துப் பார்க்கத் தேவையான டிஜிட்டல் சர்டிஃபிகேட்டோ எப்போதோ காலாவதியாகியிருந்தது. ஜூலை கடைசியில் அதைப் புதுப்பித்த உடனேயே திருட்டு தெரிந்தது. அதற்குள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போய்விட்டன.

பேட்ச் போடும் முறை உண்டா, கண்காணிப்பு உண்டா என்று கேட்டிருந்தால் இரண்டுக்கும் 'உண்டு' என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதனால் கேள்வியை மாற்றுங்கள். இந்தக் கருவி கடைசியாக எப்போது அலர்ட் கொடுத்தது? இப்போது ஒரு சோதனை ட்ராஃபிக்கை அனுப்பினால் யாருடைய திரையில் தெரியும்? சர்டிஃபிகேட்டைப் புதுப்பிப்பது யார் பொறுப்பு?

அப்புறம், எல்லா ஃபிரேம்வொர்க்கையும் ஒரே ஷீட்டில் கலப்பது. ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்கானது. நிர்வாகத்தோடு பேச, அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்பு வெளியிட்ட சைபர் பாதுகாப்பு ஃபிரேம்வொர்க்கான சி.எஸ்.எஃப் நல்லது. எதை முதலில் செய்வது என்று தடுமாறும் சின்ன நிறுவனத்துக்கு, செய்ய வேண்டியவற்றை முன்னுரிமைப்படி பட்டியலிடும் சி.ஐ.எஸ் கன்ட்ரோல்ஸ் போதும். அதன் எட்டாம் பதிப்பின் 153 பாதுகாப்புகளில் அடிப்படையான முதல் குழுவின் 56-ஐ ஒழுங்காகச் செய்தாலே பெரிய விஷயம். தாக்குபவரின் வழிமுறைகளை வைத்து அலர்ட்டுகளைச் சோதிக்க, அந்த வழிமுறைகளைத் தொகுத்துத் தரும் மைட்டர் அட்டாக்.

விதிவிலக்குகளைத் தாமே தலையாட்டி அனுமதிப்பதும் ஆர்க்கிடெக்ட் செய்யக்கூடாதது. 2024-இல் வந்த சி.எஸ்.எஃப் 2.0 நிர்வாகப் பொறுப்பைத் தனிப் பிரிவாகவே சேர்த்தது. பழைய சர்வரில் இரட்டை அடையாளச் சரிபார்ப்பு முடியாதா? சரி, அந்த சர்வரை நம்பித் தொழில் நடத்தும் துறைத் தலைவர் அந்த ரிஸ்க்கை ஏற்றுக் கையெழுத்துப் போடட்டும். எந்தத் தேதி வரை, அதுவரை மாற்று ஏற்பாடு என்ன என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.