மா பு நிலையும் ஜாடிப் பிடியும்: ஷாவோலின் வழியில் கால், விரல் பலம்

சீனாவின் ஹெனான் மாகாணத்திலுள்ள ஷாவோலின் மடத்தில் ஆயிரம் புத்தர் மண்டபம் என்று ஒன்று உண்டு. அதன் தரையில் 48 குழிகள் வரிசையாக இருக்கும். துறவிகள் தலைமுறை தலைமுறையாகக் காலை ஓங்கி மிதித்துப் பயின்றதில் விழுந்தவை என்பார்கள். படத்தைப் பார்த்துவிட்டு மொட்டைமாடி சிமென்ட் தரையை மிதிக்கக் கிளம்ப வேண்டாம். குதிகால்தான் போகும். முதலில் அசையாமல் நிற்கப் பழக வேண்டும்.

மா பு (குதிரை நிலை)

1. வெறுங்காலோடு நில்லுங்கள். இரு பாதங்களுக்கும் நடுவே உங்கள் பாத நீளத்தைப்போல் மூன்று மடங்கு இடைவெளி. கண்ணளவு வேண்டாம்; அடிமேல் அடி வைத்து அளந்து சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். குறுக்கி நின்றால் இறங்கும்போது முழங்கால் விரல்களைத் தாண்டி முன்னே போய்விடும்.

2. கால்விரல்கள் முன்னோக்கி. கைகளை முஷ்டியாக்கி இடுப்பில் வையுங்கள், உள்ளங்கைப் பக்கம் மேலே.

3. மெல்ல இறங்குங்கள். தொடை தரைக்கு இணையாக வருவது முடிவில்தான். முதல் இரண்டு வாரம் பாதி இறக்கம் போதும்.

4. முதுகு. பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். ஆழமாக இறங்கும் ஆசையில் புட்டம் பின்னால் தள்ளி, நெஞ்சு முன்னால் சாய்ந்துவிடும். பார்க்கத் தாழ்வாகத் தெரியும். பாரமெல்லாம் கீழ்முதுகில் உட்காரும். பஸ்கி எடுத்துப் பழகியவர்களுக்கு இது கூடுதலாகவே வரும், ஏனென்றால் பஸ்கியில் உடம்பு சாய்வது இயல்பு. முதுகோடு ஒரு கம்பைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் கம்பைத் தொட வேண்டும். ஒன்று விலகினாலும் இரண்டு அங்குலம் மேலே எழுந்து சரிசெய்யுங்கள். கண்ணாடியைவிடக் கம்பு நல்லது; கண்ணாடியில் பக்கவாட்டைப் பார்க்கத் தலையைத் திருப்பினாலே நிலை குலைந்துவிடும்.

5. முழங்கால் உள்ளே மடங்காமல் விரல்களின் திசையிலேயே நிற்கட்டும். மூச்சை அடக்காதீர்கள்; மூக்கால் சீராக விடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

20 விநாடி, மூன்று முறை, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. வாரத்துக்கு 5 விநாடி கூட்டுங்கள். தொடை நடுங்கினால் பரவாயில்லை. முழங்காலில் குத்து வலி என்றால் உடனே எழுந்துவிடுங்கள். அசையாமல் நின்று பெறும் பலம் பெரும்பாலும் நின்ற கோணத்திலும் அதையொட்டியுமே சேரும். அதனால் மூன்று முறையும் ஒரே உயரத்தில் நிற்காமல் கொஞ்சம் மாற்றி நில்லுங்கள்.

(காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மர்தான் இதையெல்லாம் கற்றுக்கொடுத்தார் என்ற கதை நமக்கு இனிக்கும். தசைநாணுக்கு, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாருக்கு, அவர் பெயரில் வழங்கும் பயிற்சி நூல் 1624-ஐச் சேர்ந்தது என்பது ஆய்வாளர்கள் முடிவு. மடம் எழுந்ததோ 495-இல்.)

ஜாடிப் பிடி

கழுகு நகப் பயிற்சி என்ற வகையில் வருவது. பழைய முறையில் சுட்ட மண் ஜாடி. தொடங்குகிறவர்களுக்கு 3 லிட்டர் பிளாஸ்டிக் ஜாடியே மேல்: நழுவினாலும் கால் தப்பும். வாய் 8 முதல் 10 சென்டிமீட்டர் அகலம், விளிம்பு தடிமனாக இருக்க வேண்டும்.

காய்ந்த மணல் ஒரு கிலோ போடுங்கள். தண்ணீர் வேண்டாம், தளும்பி மணிக்கட்டைத் திருகும். ஐந்து விரல்களையும் விரித்து மேலிருந்து விளிம்பைப் பற்றுங்கள், உள்ளங்கை ஜாடியைத் தொடக்கூடாது. முழங்கால் உயரம் தூக்கி 5 விநாடி நிறுத்தி இறக்குங்கள். கைக்கு ஐந்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள்.

வாரம் அரை டம்ளர் மணல் சேருங்கள். 100 மில்லி என்றால் சுமார் 160 கிராம். அதற்கு மேல் அவசரப்படாதீர்கள். சதை சீக்கிரம் பலப்படும், தசைநாண் மெதுவாகத்தான் வரும். விரலின் கடைசிக் கணு பின்பக்கமாக வளைந்தால் எடை அதிகம் என்று அர்த்தம். முழங்கையின் உட்புறம் வலித்தால் ஒரு வாரம் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு நாள் பயிற்சியும் முடித்ததும் விரல்களைச் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டி 20 தடவை விரியுங்கள். பிடிக்கும் தசை மட்டும் வளர்ந்து விரிக்கும் தசை பின்தங்கினால் அந்த முழங்கை வலி திரும்பத் திரும்ப வரக்கூடும்.

பின்சேர்க்கை: கால்விரல்களை முன்னோக்கி வைத்தால் இடுப்பு இறங்கவே மாட்டேன் என்கிறது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இடுப்பு எலும்பின் அமைப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல. 15 பாகை வெளியே திருப்பிக்கொள்ளுங்கள். முழங்காலும் அதே திசைக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.