செவிப்புலனற்றோர் சங்கம் அரச நிதி கேட்கும்போது

தையல் மெசினுக்கோ காது கேட்கும் கருவிக்கோ கேட்டால் கந்தோரில் சட்டென்று விளங்கிவிடும். பிரதேச சபைக் கூட்டத்தில் செவிப்புலனற்றவர்களும் இருந்து கேள்வி கேட்கச் சைகைமொழி உரைபெயர்ப்பாளர் வேண்டும், அதற்குச் செலவு உண்டு என்றால் விளங்காது. அதனால் கடிதத்தின் முதல் பந்தியிலேயே காரணத்தை எழுதுங்கள்: இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 29ஆம் உறுப்புரை பொதுவாழ்வில் பங்கெடுக்கும் உரிமையைச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தையும் குறிப்பிடலாம். இரண்டு வரி போதும், விரிவுரை வேண்டாம்.

சங்கத்தின் பதிவு, யாப்பு, கடைசிப் பொதுக்கூட்ட அறிக்கை, சங்கத்தின் பெயரிலான வங்கிக் கணக்கு எல்லாம் கையில் இருக்கட்டும். நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. தை பிறந்தபின் போனால் காசு பங்கிட்டு முடிந்திருக்கும். அதற்கு முந்திய ஆவணி, புரட்டாதிக்குள் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தருக்கு ஒரு பிரதியும், சபைக்கு ஒரு பிரதியும்.

பிழை வருவது பெரும்பாலும் செலவு மதிப்பீட்டில்தான். 'சைகைமொழி உரைபெயர்ப்பு' என்று ஒரே தொகை போட்டால் வெட்டுவது சுலபம். மணித்தியாலமாகப் பிரியுங்கள். ஆறு கூட்டம், ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம், இருவர்: 36. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆளுக்கு ஒரு மணித்தியாலம் நிகழ்ச்சிநிரல் படிக்க: 12. மொத்தம் 48. ஏன் இருவர் என்று கட்டாயம் கேட்பார்கள். ஒருவரே தொடர்ந்து செய்தால் அரை மணித்தியாலத்துக்குள் களைத்து, சொல் விடுபடத் தொடங்கும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று பதில் எழுதி வையுங்கள். பயணச் செலவு தனி வரி. வெளி மாவட்டத்தவரை எடுப்பதென்றால் முன்கூட்டியே உறுப்பினர்களோடு கதைக்க விடுங்கள். சைகை எல்லா ஊரிலும் ஒன்றல்ல.

மண்டபத்தில் கதிரைகளை அரைவட்டமாகப் போடுங்கள். யன்னலுக்கு முதுகு காட்டி உரைபெயர்ப்பாளர் நின்றால் முகமும் கையும் இருட்டாகிவிடும். மின்வெட்டுக்கு ஒரு சார்ஜ் விளக்கையும் மதிப்பீட்டில் சேருங்கள்.

வந்தவர் கையொப்பம், பற்றுச்சீட்டு, உறுப்பினர் கேட்ட கேள்விகளும் கிடைத்த பதில்களும் ஆகியவற்றை அன்றன்றே கோவைப்படுத்துங்கள். அடுத்த வருடம் கேட்கும்போது கேள்விப் பட்டியல்தான் படங்களைவிட உதவும்.

பதிலே வரவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவுசெய்ய வேண்டும்.