கணினி தொடங்கும்போதே கேட்கும் பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?

மேசைக்கணினியின் உள்ளே முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போட்டில் இருக்கும் நாணயம் போன்ற பற்றரியைக் கழற்றி, பத்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். விண்டோஸ் வருமுன்னே கேட்கும் பாஸ்வேர்ட் பல கணினிகளில், குறிப்பாகப் பழையவற்றில், அழிந்துவிடும். முதலில் மின்வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள்.

அத்தகைய போட்களில் அந்தப் பாஸ்வேர்ட், 3 வோல்ட் பற்றரியின் தயவில்தான் நினைவில் நிற்கிறது. மின்சாரம் அறுந்தால் அதுவும் போய்விடும். கூடவே திகதியும் நேரமும் பிசகும். சரிசெய்யாவிட்டால் இணையத்தளங்கள் திறக்க மறுக்கும்.

திருகோணமலையின் உப்புக்காற்றுக்குப் பற்றரி உட்காரும் தகடு பச்சை பிடித்திருக்கும். உலர்ந்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். பற்றரி பழையதென்றால் புதிதே போடுங்கள், ‘சிஆர் 2032’ என்று கேட்டால் மணிக்கூடு திருத்தும் கடையிலும் கிடைக்கும். கூட்டல் குறி மேலே பார்க்க வேண்டும்.

மடிக்கணினிகளில் இது அநேகமாகப் பலிக்காது. அவற்றின் பாஸ்வேர்ட் மின்சாரமே தேவைப்படாத சிப்பில் இருக்கும். வாங்கிய பற்றுச்சீட்டோடு தயாரிப்பாளரின் சேவை நிலையத்தை நாடுங்கள். விண்டோஸ் பாஸ்வேர்டுக்கும் இது உதவாது. விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால், கணினி பிறகு கேட்கக்கூடிய 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கையில் வைத்துக்கொண்டே பற்றரியில் கைவையுங்கள்.