எம்.ரி.எச்.எப்.ஆர். அறிக்கை கையில் வந்தால் என்ன செய்வது?

கருச்சிதைவுக்குப் பிறகு எடுத்த சோதனையிலோ, வெளிநாட்டு உறவினர் அனுப்பிய உமிழ்நீர்ச் சோதனைப் பெட்டியிலோ “எம்.ரி.எச்.எப்.ஆர். 677, ரிரி” என்ற பரம்பரையலகு வகை இருப்பதாக வந்துவிட்டால் கொழும்பில் பலர் நேரே விலையுயர்ந்த குளிசை தேடி பார்மசிக்குப் போகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவை வேறு.

இந்தப் பரம்பரையலகு உருவாக்கும் நொதியம், பி விற்றமின்களில் ஒன்றான போலேட்டை உடல் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த வடிவம்தான், விற்றமின் பி12இன் துணையோடு, இரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை மெதியோனின் என்ற இன்னொன்றாக மாற்றுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ரி வகை வந்தவருக்கு (ரிரி) ஆய்வுகூடத்தில் அளந்தால் நொதியத்தின் திறன் ஏறத்தாழ 30 சதவீதம்தான். இந்த எண்தான் ஆட்களைப் பயமுறுத்துகிறது. ஆனால் ஒரே அளவு போலிக் அமிலம் (குளிசையில் வரும் போலேட்) எடுக்கும்போது, இவர்களின் இரத்தப் போலேட் ரி வகையே இல்லாத சிசி வகையினரைவிட ஏறத்தாழ 16 சதவீதமே குறைவு. பெரும்பாலும் உணவில் போலேட் போதாதபோதுதான் இவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் ஏறுகிறது. ரி ஒன்று மட்டும் உள்ளவர் கவலைப்பட எதுவுமில்லை.

முதலில் டொக்டரிடம் கேட்டு ஹோமோசிஸ்டீன், பி12, முழு இரத்த எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். ஹோமோசிஸ்டீன் பொதுவாக லீற்றருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் வரை இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து, குழாயை உடனே ஐஸில் வைத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹோமோசிஸ்டீன் செங்குழியங்களிலிருந்து கசிந்து, அளவு மணிக்கு ஏறத்தாழ 10 சதவீதம் பொய்யாக உயரும். கிளை நிலையத்தில் கொடுத்த மாதிரி காலி வீதி நெரிசலில் கிடந்தால் அறிக்கையை நம்ப முடியாது. பிரதான ஆய்வுகூடத்துக்கே போய்க் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறும் தைரொயிட் குறைவும்கூட ஹோமோசிஸ்டீனை உயர்த்தும்.

பி12ஐ விட்டுவிடவே கூடாது. மரக்கறி மட்டும் உண்பவர், நீரிழிவுக்கு நீண்டகாலம் மெட்போமின் எடுப்பவர் ஆகியோருக்கு அது குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்நிலையில் அதிக அளவு போலிக் அமிலம் மட்டும் எடுத்தால் இரத்தசோகை சரியானதுபோலத் தெரியும், நரம்புச் சேதமோ சத்தமில்லாமல் தொடரும். கால் விறைப்பு, தடுமாற்றம் இருந்தால் உடனே சொல்லுங்கள்.

உணவில் ஒருவருக்கு நாளைக்கு 400 மைக்ரோகிராம் போலேட் தேவை, கர்ப்பிணிக்கு 600. அவித்த மைசூர்ப் பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 180, கடலையில் 170. போலேட் நீரில் கரையும், சூட்டில் அழியும். ஆகவே பருப்பு அவித்த தண்ணீரை ஊற்றாதீர்கள். கீரையை அரியுமுன் கழுவுங்கள். வறையை நெடுநேரம் அடுப்பில் வைக்காதீர்கள். இந்த நொதியத்துக்கு பி2 துணை தேவை என்பதால் பால், முட்டை சேர்ப்பதும் நல்லது.

கர்ப்பம் தரிக்க நினைப்பவர் பரம்பரையலகு எதுவாயினும் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி, 12 வாரம் வரை நாளைக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுக்க வேண்டும். கருவின் மூளையாகவும் முள்ளந்தண்டு வடமாகவும் வளரும் நரம்புக்குழாய், கருத்தரித்து 28 நாளில் மூடிவிடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போனது தெரிந்து தொடங்கினால் பெரும்பாலும் பிந்திவிடும். முன்பு நரம்புக்குழாய்க் குறைபாடுள்ள பிள்ளை பிறந்திருந்தால் 4 மில்லிகிராம், டொக்டர் சொன்னபடி. 1991இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வில் இந்த அளவு ஆபத்தை 72 சதவீதம் குறைத்தது. இந்த ஆபத்தைக் கூட்டும் வல்புரோவேற் மருந்தை வலிப்புக்கு எடுப்பவரும் தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. புதுமணத் தம்பதிகள் தங்கள் பகுதி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) காரியாலயத்தில், அல்லது குடும்பநல மருத்துவமாதுவிடம் போலிக் அமிலம் கேட்கலாம். குளிசை அட்டையில் உள்ள அளவைப் பாருங்கள்: 1 மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம், 5 மில்லிகிராம் குளிசை எல்லோருக்குமானதல்ல.

உடல் பயன்படுத்தும் வடிவிலேயே வரும் “மெதில்போலேட்” என்று விற்கும் விலையுயர்ந்த வகை இந்த இடத்தில் தேவையில்லை. நரம்புக்குழாய்க் குறைபாட்டைத் தடுப்பதாக நிரூபிக்கப்பட்டது சாதாரண போலிக் அமிலமே, ரிரி உள்ளவர் உடலும் அதைப் பயன்படுத்தும். மீண்டும் மீண்டும் கருச்சிதைவு, இரத்தக்கட்டி ஆகியவற்றுக்காக இந்தப் பரம்பரையலகைச் சோதிக்க வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013இலேயே பரிந்துரைத்தது. இன்னும் சோதிக்காதவர் அந்தப் பணத்தில் பி12ஐப் பார்க்கலாம்.