தாய்லாந்து பிஎல் தொடர்களில் குடும்பம்: விமர்சனம் எழுதுவோரும் ரசிகர் கதை எழுதுவோரும் சறுக்கும் இடங்கள்

தாய்லாந்து பிஎல் ('பாய்ஸ் லவ்', அதாவது ஆண்களுக்கு இடையிலான காதலைச் சொல்லும்) தொடர் ஒன்று முடிந்ததும் முதலில் எழும் கேள்வி, "வீட்டில் ஒத்துக்கொண்டார்களா?" என்பதுதான். ஒத்துக்கொண்டால் நல்ல முடிவு, இல்லையென்றால் அரைகுறை முடிவு என்று தீர்ப்பும் கையோடு வந்துவிடுகிறது. இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு விமர்சனம் எழுதினால் தொடரில் பாதி கண்ணில் படாது. ரசிகர் கதை (தொடரின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் கதை) எழுதினால் அம்மா, அப்பா இருவரும் அட்டை உருவங்களாகிவிடுவார்கள். கேட்க வேண்டியது இது: அந்த வீட்டில் யாருக்கு எதை இழந்துவிடுவோம் என்ற பயம்? அந்தப் பயம் எந்த இடத்தில் தளர்கிறது? இதற்குப் பதில் தெரியாமல் பாத்திரங்களைப் பற்றி எழுதும்போதுதான் கீழே சொல்லப்படும் தவறுகள் நேர்கின்றன.

எதிர்ப்பு எல்லாமே ஒன்று என்று நினைப்பது

பெற்றோர் மறுத்தாலே அதற்குக் காரணம் தன்பாலீர்ப்பு மீதான வெறுப்பு என்று எழுதிவிடுவது மிகப் பெரிய தவறு. 2021 இறுதியில் தொடங்கிய 'பேட் படி' இதற்குச் சரியான பாடம். காதலர்களான பாட், ப்ரான் இருவரின் வீடுகளும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே தொழில், ஒரே வாடிக்கையாளர்கள். பிள்ளைகள் பேசிக்கொள்ளவே கூடாது என்பது சின்ன வயதிலிருந்து இருக்கும் தடை. மகன் காதலிப்பது ஒரு ஆணை என்பதைவிட, அவன் அந்த வீட்டுப் பையன் என்பதுதான் அங்கே தாங்க முடியாத செய்தி. பகையின் வேர், பாட்டின் அப்பாவும் ப்ரானின் அம்மாவும் பள்ளியில் படித்த காலத்தில் ஓர் உதவித்தொகையை ஒட்டி நடந்த துரோகம். பாட்டின் தங்கையை ப்ரான் சிறுவயதில் தண்ணீரிலிருந்து காப்பாற்றியிருக்கிறான். அந்த நன்றிக்கடன்கூடப் பகையைக் கரைக்கவில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டுப் 'பழமைவாதப் பெற்றோர்' என்று ஒரு வரியில் முடிப்பது, தொடர் வேண்டுமென்றே எடுத்த முடிவை அழித்துவிடுகிறது.

2023இல் வந்த 'மூன்லைட் சிக்கன்' தொடரில் எதிர்ப்பின் முகமே வேறு. ஹார்ட் காது கேட்காத பையன். அவன் பெற்றோர் வசதியானவர்கள். வெளியே போனால் அடிபட்டுவிடுவான் என்று அவனை வீட்டுக்குள்ளேயே பொத்திப் பொத்தி வைக்கிறார்கள், ஆனால் சைகை மொழியைக் கற்றுக்கொள்ளவில்லை. கோழிச்சோற்றுக் கடையில் வேலை செய்யும் லீ மிங் அதைக் கற்றுக்கொள்கிறான். அந்த வீட்டில் ஏற்பு என்றால் மகனின் காதலனை ஏற்பது மட்டும் இல்லை. மகனோடு பேசவே முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். ஹார்ட்டின் பெற்றோரைப் பற்றி எழுதுபவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சொந்தக் கதை எழுதும்போது பயத்தின் பெயரை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். 'சமூகம் என்ன சொல்லும்' என்பது போதாது, அது எல்லா வீட்டுக்கும் பொருந்திவிடும். 'கடையை எடுத்து நடத்த வேறு பிள்ளை இல்லை', 'வயதான பிறகு என் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்', 'மாமனார் வீட்டில் ஏற்கெனவே என்னை மதிப்பதில்லை, இது தெரிந்தால் என்ன ஆகும்' என்ற அளவுக்கு வரி குறுக வேண்டும். தாய்லாந்துக் குடும்பக் கதைகளில் புன்குன் என்ற எண்ணம் அடிநாதமாக ஓடுகிறது. வளர்த்தவர்களுக்குப் பிள்ளை பட்டிருக்கும் கடன் அது. மகன் கொஞ்ச காலம் துறவு பூண்டு அந்தப் புண்ணியத்தைப் பெற்றோருக்குச் சேர்ப்பதும், சம்பாதித்து வீட்டுக்குக் கொடுப்பதும் இந்தக் கடனின் கணக்கில் வருபவை. காதலை மறைக்கும் பையன் பெரும்பாலும் அடிக்குப் பயந்து மறைப்பதில்லை, பெற்றவர்களை ஏமாற்றிவிட்டோமே என்ற குற்ற உணர்வால் மறைக்கிறான். இது புரியாவிட்டால் அவன் கோழையாகத்தான் தெரிவான்.

அறிவிப்புக்காகக் காத்திருப்பது

மகன் எதிரே உட்கார்ந்து "நான் இப்படித்தான்" என்று சொல்ல வேண்டும், அம்மா அழுதுவிட்டுக் கட்டிப்பிடிக்க வேண்டும், அதுவரை ஏற்பு நடக்கவில்லை என்று கருதுவது அடுத்த தவறு. தாய்லாந்துக் கதைகளில் பல வீடுகள் தெரிந்தும் கேட்பதில்லை. 'பேட் படி'யின் கடைசி அத்தியாயம் நான்கு ஆண்டுகளைத் தாண்டிப் போகிறது. இருவரும் பிரிந்துவிட்டதாக வீட்டில் காட்டிக்கொண்டு சேர்ந்தே இருக்கிறார்கள். பெற்றோர்களும் தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறார்கள். இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எங்கள் பார்வையில், அந்தத் தொடர் எடுத்த முடிவுகளிலேயே நேர்மையானது இதுதான். பல ஆண்டுப் பகை பன்னிரண்டு அத்தியாயங்களில் உருகிவிட்டது என்று காட்டியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். தடுப்பதை நிறுத்தும் அளவுக்கு அந்தப் பெற்றோர் வந்துவிட்டார்கள். வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை. இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில் இருப்பதை எழுதக் கற்றுக்கொள்வதுதான் இந்த வகைக் கதையில் கடினமான வேலை.

இதற்கு முன்னோடி, பிஎல் தொடர்கள் ஒரு தொழிலாக ஆவதற்கு முன்பே, 2007இல் வந்த 'ரக் ஹேங் சயாம்' திரைப்படம். நாயகன் தோங்கின் அம்மா சுனீ ஏற்கெனவே ஒரு மகளைத் தொலைத்தவள். கணவன் குடியில் மூழ்கிவிட்டான். மிச்சமிருக்கும் மகனும் கைநழுவிவிடக் கூடாது என்று, அவன் காதலிக்கும் மியூவை நேரில் சந்தித்து விலகச் சொல்கிறாள். பிறகு வருகிறது கிறிஸ்துமஸ் மரக் காட்சி. அம்மாவும் மகனும் மரத்தை அலங்கரிக்கிறார்கள். எதை மாட்டுவது என்று மகன் தயங்குகிறான், தவறாக எடுத்துவிட்டால் அம்மா வருத்தப்படுவாளோ என்று. உனக்கு எது நல்லது என்று தோன்றுகிறதோ அதை எடு என்கிறாள் அவள். காதல் என்ற பேச்சே அங்கே எழவில்லை. ஆனால் அவள் பிடியைத் தளர்த்திய கணம் அதுதான். இந்தக் காட்சியைத் தவறவிட்டு, மகனும் மியூவும் கடைசியில் சேரவில்லை என்பதை மட்டும் குறிப்பிடும் விமர்சனம் படத்தின் மையத்தைத் தொடவே இல்லை.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். காதலனின் அம்மாவை 'மே' (தாய் மொழியில் அம்மா) என்று அழைப்பதை ஏற்பின் அடையாளமாக எழுதிவிடாதீர்கள். நண்பனின் அம்மாவையும் அப்படித்தான் அழைப்பார்கள். ஏற்பைக் காட்ட வேண்டுமென்றால் வெளியாளுக்கு இடமில்லாத சடங்குகளுக்குப் போங்கள். ஏப்ரல் 13இல் தொடங்கும் சோங்க்ரானில் வீட்டுப் பெரியவர்களின் கையில் நறுமண நீர் ஊற்றி ஆசி வாங்கும் வரிசையில் அவனுக்கும் ஓர் இடம் கொடுக்கலாம். சீன வம்சாவளிக் குடும்பமாக இருந்தால், ஏப்ரலில் முன்னோர் கல்லறைக்குப் போகும் செங்மெங் நாளில் அவனையும் காரில் ஏற்றிக்கொள்ளலாம், அல்லது சீனப் புத்தாண்டில் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும், பணம் வைத்த சிவப்பு உறையில் ஒன்று அவனுக்கும் போகலாம். வசனமே தேவைப்படாது.

'பெற்றோர்' என்று ஒரே பாத்திரமாக எழுதுவது

அம்மாவும் அப்பாவும் ஒரே நாளில் தெரிந்துகொண்டு, ஒரே நாளில் கோபப்பட்டு, ஒரே நாளில் மனம் மாறுவது உண்மையான வீட்டில் நடக்காது. நல்ல தொடர்கள் இந்தப் பாதையைப் படிப்படியாகப் பிரிக்கின்றன. 2020இல் வந்த 'ஐ டோல்ட் சன்செட் அபவுட் யூ' நடப்பது புக்கெட்டில், ஹொக்கியன் சீனர் வம்சாவளிக் குடும்பங்களுக்கு நடுவில். நாயகன் தே மனம் உடைந்து அழுவது அண்ணன் ஹூனிடம். நூடுல்ஸ் விற்றுப் பிள்ளைகளை வளர்த்த அம்மாவிடம் சொல்வதைவிட, அதே வீட்டில் அதே சுமையைத் தூக்கிய அண்ணனிடம் சொல்வது எளிது. உடன்பிறந்தவர் முதலில், பெற்றோர் பிறகு என்ற இந்த வரிசை பல வீடுகளுக்குப் பொருந்தும்.

2019இன் 'டார்க் புளூ கிஸ்' வேறு வழியில் போகிறது. காதலர்கள் பீட், காவ் இருவரில் பீட்டின் அப்பாவுக்கு எல்லாம் தெரியும், ஆதரவாகவும் இருக்கிறார். காவ் தன் அம்மாவிடம் சொல்லவே இல்லை. அதனால் சண்டை பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில் வருவதற்கு முன்பே காதலர்களுக்குள் வந்துவிடுகிறது: ஒருவனுக்கு ஒளிக்கத் தேவையில்லை, இன்னொருவனுக்கு இன்னும் நேரம் வேண்டும். சொல்லாதவனைக் குற்றவாளியாக்கி எழுதுவது இங்கே எளிதாகச் செய்துவிடக்கூடிய தவறு. எப்போது சொல்வது என்பதை அந்த வீட்டில் வாழ்பவன்தான் முடிவு செய்ய வேண்டும். 'மை ஸ்கூல் பிரெசிடென்ட்' தொடரில் நாயகன் டின்னின் அம்மாவே பள்ளியின் தலைமையாசிரியர். அவர் எந்தக் காட்சியில் அம்மாவாகப் பேசுகிறார், எதில் தலைமையாசிரியராகப் பேசுகிறார் என்று பிரித்துப் பார்த்தால் அவருடைய தயக்கம் தெளிவாகும்.

கடைசி அத்தியாயத்தில் எல்லாவற்றையும் திணிப்பது

பன்னிரண்டு அத்தியாயக் கதை எழுதுபவர்கள், பதினோராவதில் வீட்டில் பூகம்பம், பன்னிரண்டாவதில் சமாதானம் என்று வைத்துவிடுகிறார்கள். இடையில் அம்மாவின் மனம் எதனால் மாறியது என்பதற்கு இடமே இருக்காது. மகன் விபத்தில் சிக்கி மருத்துவமனையில் படுத்தால் அம்மா மாறிவிடுவாள் என்ற குறுக்குவழி அப்படி வருவதுதான். விபத்து அவளைப் பயமுறுத்தும், ஆனால் அவளுடைய பழைய பயத்துக்கு அது பதில் சொல்லாது.

வேலை செய்யும் அமைப்பு இது: மூன்றாவது அல்லது நான்காவது அத்தியாயத்துக்குள் அந்தப் பெற்றோரைக் காதலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு காட்சியில் காட்டிவிடுங்கள், கடையில், சமையலறையில், கடன் கணக்கில். பயத்தின் விதையை அங்கே ஊன்றுங்கள். ஆறாவதில் அவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும், கேட்காமல் இருக்கட்டும். மோதல் எட்டு அல்லது ஒன்பதில். அதற்குப் பிறகு குறைந்தது இரண்டு சிறு காட்சிகள் அவர்கள் தனியாக இருக்கும்போது நடக்க வேண்டும், பிள்ளைகள் இல்லாமல். அந்த இரண்டு காட்சிகள் இல்லாததால்தான் பெரும்பாலான ஏற்புக் காட்சிகள் ஒட்டாமல் நிற்கின்றன.

'அன்டில் வீ மீட் அகெய்ன்' பாணியில் எழுத விரும்புவோருக்குத் தனியாக ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் குடும்ப எதிர்ப்பால் உயிரை விட்ட இருவர் மறுபிறவி எடுப்பது அதன் கதை. அந்த மரணத்தின் பாரத்தைப் பின்னால் வரும் தலைமுறை நெடுநேரம் சுமக்கிறது. அந்தச் சுமையை விட்டுவிட்டுத் தற்கொலையை மட்டும் திருப்பமாக எடுத்துக்கொண்டால், பெற்றோரைத் தண்டிக்கும் கருவியாக அது மாறிவிடும். இளம் வாசகர்கள் படிக்கும் இடத்தில் அதைச் செய்யவே கூடாது.

பாத்திர வார்ப்புகளைச் சூழல் இல்லாமல் எடுப்பது

2016இன் 'சோட்டஸ்' தொடரில், கியர் வேண்டுமென்றால் என்ன செய்வாய் என்று மிரட்டும் சீனியர் ஆர்தித்திடம், உங்களை என் மனைவியாக்கிக்கொள்வேன் என்கிறான் ஜூனியர் கோங்போப். பொறியியல் மாணவர்களுக்குக் கியர் சின்னம் உயிர். ஜூனியர்களை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தும் அமைப்புக்கு அவன் அதே மேடையில் கொடுத்த பதிலடி அந்த வசனம். பின்னால் வந்தவர்கள் பதிலடியை விட்டுவிட்டு 'மனைவி' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உயரமானவன் கணவன், மென்மையானவன் மனைவி என்ற பிரிப்பு அப்படித்தான் இறுகியது. குடும்பக் காட்சியில் இது இன்னும் கெடுதல் செய்யும். "உங்களில் யார் பெண் மாதிரி?" என்று அம்மா கேட்பதைச் சிரிப்புக்கு வைத்து, அதற்கு யாரும் பதில் சொல்லாமல் கடந்தால், அந்தக் கேள்வி சரியானது என்று கதையே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"எனக்கு ஆண்களைப் பிடிக்காது, உன்னை மட்டும்தான் பிடிக்கும்" என்ற நாயகனும் இப்படித்தான். பதினெட்டு வயதில் குழம்பி நிற்கும் பையன் அப்படிச் சொல்வது இயல்பு. கதை முடியும்போதும் அதையே சொன்னால், வீட்டாருக்கு அவன் மறைமுகமாகக் கொடுக்கும் சமாதானம் ஆகிறது: நான் அவர்களில் ஒருவன் இல்லை என்று. 2019இன் 'தார்ன்டைப்' தொடரில் நாயகன் டைப்புக்குத் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் மீது உள்ள வெறுப்புக்குப் பின்னால் சிறுவயதில் நேர்ந்த பாலியல் வன்முறை இருக்கிறது. அவனுடைய காயத்தைப் புரிந்துகொள்ள அது உதவும். ஆனால் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் மீதான பொதுவான வெறுப்புக்கு அதைக் காரணமாக்கக் கூடாது. அதே தொடரின் தொடக்கத்தில் வரும், சம்மதம் இல்லாத தொடுதலைக் காதல் என்று பாராட்டியும் எழுதக் கூடாது.

பெண்களைப் பொறாமைக்காரியாகவோ, காதலர்களைப் பார்த்துக் கைதட்டும் தங்கையாகவோ மட்டும் வைப்பதும் பழைய நோய். 'பேட் படி' தன் தங்கைப் பாத்திரத்துக்கு இன்னொரு பெண்ணோடு ஒரு காதலையே கொடுத்தது.

சட்டத்தின் தேதியை மறப்பது

கல்யாணக் காட்சி எழுதுபவர்களும் அதை மதிப்பிடுபவர்களும் ஆண்டைப் பார்த்தே ஆக வேண்டும். ஒரே பாலினத்தவரின் திருமணத்தையும் பதிவு செய்ய வழிவிடும் தாய்லாந்தின் திருமணச் சமத்துவச் சட்டம் 2024 மார்ச் 27இல் கீழவையிலும் ஜூன் 18இல் செனட்டிலும் நிறைவேறியது. செப்டம்பர் 24இல் அரசிதழில் வெளியானது, 2025 ஜனவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடக்கும் கதையில் விருந்து வைக்கலாம், மணிக்கட்டில் நூல் கட்டலாம், பதிவு மட்டும் செய்ய முடியாது. துணைவர் என்ற சட்ட உரிமையோடு மருத்துவமனையில் கையெழுத்துப் போடுவதும், உயில் இல்லாமல் சொத்தில் பங்கு கிடைப்பதும் அந்தப் பதிவோடு வருபவை. 2022இல் வந்த ஒரு தொடரில் பெற்றோர் "கல்யாணம் செய்து என்ன பயன்?" என்று கேட்டால், அதைக் கொடூரம் என்று மட்டும் படிக்காதீர்கள். அன்றைய சட்டப்படி அது பதில் இல்லாத கேள்வி. 2025க்குப் பின் நடக்கும் கதையில் அதே கேள்வியை வைத்தால், பிள்ளை என்ன பதில் சொல்கிறான் என்பதையும் எழுத வேண்டும். சட்டம் திருமண வயதைப் பதினேழிலிருந்து பதினெட்டாக உயர்த்தியிருக்கிறது, இருபது வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இன்னும் தேவை. பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவர்கள் இருவரை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு முன், அவர்களின் வீட்டில் யார் கையெழுத்துப் போடுவார் என்பதை முடிவு செய்துவிடுங்கள்.