பிரிட்டனில் பிறந்த பிள்ளைக்கு பிரிட்டிஷ் குடியுரிமை: எந்தப் படிவம், எப்போது?

பிரிட்டனில் பிறந்தாலே பிரிட்டிஷ் குடியுரிமை என்ற நிலை 1983 ஜனவரி 1-ஆம் தேதி முடிந்துபோனது. பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று நேரே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். பிள்ளை பிறந்த இடத்துக்குத்தான் அது சான்று.

படி 1: பிள்ளை பிறந்த அன்று பெற்றோரின் விசா நிலை என்ன என்று பாருங்கள். இருவரில் ஒருவருக்காவது அன்றைக்கே பிரிட்டிஷ் குடியுரிமையோ ஐ.எல்.ஆர். எனும் நிரந்தரக் குடியிருப்பு அனுமதியோ இருந்திருந்தால் பிள்ளை பிறவியிலேயே பிரிட்டிஷ். குடியுரிமைப் பதிவு தேவையில்லை, பாஸ்போர்ட் விண்ணப்பத்துடன் அந்த ஆதாரத்தைக் கொடுத்தால் போதும். இது தெரியாமல் பதிவுக் கட்டணம் கட்டி ஏமாறுகிறவர்கள் உண்டு.

படி 2: இருவருமே வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருந்திருந்தால் காத்திருக்க வேண்டும். பிள்ளை பிரிட்டனை விட்டு வெளியே போகாதவரை அதற்கு விசா கட்டாயமில்லை. ஆனால் ஊருக்குக் கூட்டிப்போனால் திரும்பி வர விசா வேண்டும். அதை வாங்காமல் கிளம்பிவிட்டு, விடுமுறை முடியும் நேரத்தில் தவிக்கக் கூடாது.

படி 3: பெற்றோரில் ஒருவருக்கு ஐ.எல்.ஆர். கிடைத்ததும் எம்என்1 (MN1) படிவத்தில் குடியுரிமைப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பிள்ளைக்கு 18 வயது முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அதிகம் பேர் பணத்தை இழப்பது இங்கேதான்: தங்களோடு சேர்த்துப் பிள்ளைக்கும் ஐ.எல்.ஆர். கட்டணம் கட்டுகிறார்கள், பிறகு எம்என்1-க்கும் கட்டுகிறார்கள். பிரிட்டனில் பிறந்த பிள்ளையின் பதிவுக்குப் பெற்றோரின் ஐ.எல்.ஆரே போதும், பிள்ளைக்குத் தனியாக வேண்டியதில்லை. இந்தியக் குடியுரிமையையே பிள்ளைக்குத் தொடர விரும்பும் பெற்றோர் மட்டும் வேறு முடிவெடுக்க வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரிட்டிஷ் ஆன பிறகு ஓ.சி.ஐ. எனும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைதான் வழி.

விண்ணப்பத்துக்கு இரண்டு பரிந்துரையாளர்கள் தேவை. ஒருவர் ஆசிரியர், சுகாதாரப் பணியாளர் போலத் தொழில்முறையில் பிள்ளையை அறிந்தவராக இருக்க வேண்டும். மற்றவர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர். 25 வயதைக் கடந்தவராகவோ தொழில்முறைப் பணியில் இருப்பவராகவோ இருக்க வேண்டும். உறவினர் கூடாது.

படி 4: பெற்றோருக்கு ஐ.எல்.ஆர். கிடைக்கவே இல்லையா? பிரிட்டனில் பிறந்து முதல் 10 ஆண்டுகள் அங்கேயே வளர்ந்த பிள்ளைக்குத் தனி உரிமை உண்டு. அதற்கு டி (T) படிவம். பெற்றோரின் விசா நிலை இதற்குத் தடையில்லை, 18 வயதுக்குப் பிறகும் விண்ணப்பிக்கலாம். நிபந்தனை: அந்த ஒவ்வோர் ஆண்டிலும் வெளிநாட்டில் இருந்தது 90 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டு என்பது ஜனவரியில் தொடங்குவதல்ல, பிறந்தநாளிலிருந்து பிறந்தநாள் வரை. கணக்கு மீறினாலும் அதிகாரி தம் விருப்புரிமையில் ஏற்கலாம், ஆனால் காரணத்தை ஆவணத்தோடு காட்ட வேண்டும்.

ஆகவே பிறந்த நாள் முதலே தாள்களைச் சேர்த்து வையுங்கள்: தடுப்பூசிப் பதிவுள்ள சிவப்புப் புத்தகம், ஜி.பி. மருத்துவரின் கடிதம், ஆண்டுவாரியான பள்ளிக் கடிதங்கள், காலாவதியான பாஸ்போர்ட்டுகள். பள்ளியில் சேருவதற்கு முந்தைய முதல் நான்கு ஆண்டுகளுக்குத்தான் ஆதாரம் கிடைக்காமல் விண்ணப்பங்கள் தடுமாறும்.

பிள்ளைக்கு 10 வயதானதும் நன்னடத்தைச் சோதனையும் சேர்ந்துகொள்ளும். கட்டணம் கட்ட இயலாத குடும்பங்கள் 2022 ஜூன் முதல் விலக்கு கோரலாம். முதலில் விலக்குக்கு விண்ணப்பித்து, அது கிடைத்த பிறகே பதிவு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.